எல்லோருக்கும் ஒரே குழி

ஹாபாய், டோங்கா
3 மார்ச் 2019

அன்புள்ள ஸோர்கா அக்கா,

சுகமாக வந்து சேர்ந்தேன். அப்பாவால் எழுந்து உட்கார முடியவில்லை, நான்தான் ஊட்டிவிடுகிறேன். இங்கே போனுக்குச் சிக்னல் கிடையாது. சனிக்கிழமைப் படகுதான் தபால்.

நம் பொதுத் தோட்டத்தில் என் எலுமிச்சைக்கு மறக்காமல் தண்ணீர் விடுங்கள். மூன்றே நாள் இருந்துவிட்டுப் போன என் பிள்ளையின் நஞ்சுக்கொடி அதன் அடியில் இருப்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் வழக்கப்படி அதைச் சொந்த மண்ணில் புதைக்க வேண்டும். மாடியில் வாடகைக்கு இருப்பவளுக்கு ஏது மண்? அங்கே எனக்கென்று ஒரு பங்கு நிலம் ஒதுக்கித் தந்ததும் நீங்கள், கூட நின்று குழி வெட்டியதும் நீங்கள். அதை நான் மறக்கவே மாட்டேன்.

உங்கள் லெசியெலி

மாங்கெரே, ஆக்லாந்து
24 மார்ச்

லெசியெலி கண்ணு,

மரம் நன்றாக இருக்கிறது. மனிதர்கள்தான் சரியில்லை. பத்து நாட்டுக்காரர்களுக்கு ஒரே குழாய் என்றால் சும்மாவா? நேற்று ஹோடன், "உங்க முள்ளங்கி குளிச்சு முடிச்சாச்சா? என் கீரை காயுது!" என்று கத்தினாள். கொரியாக்காரர் பாக் குழாயை விடவில்லை. "சோமாலியாவுல மழையையே பாக்காதவளுக்கு இங்க என்ன அவசரம்?" என்றார். வாளி பறந்தது.

மே மாதத்துக்குள் ஒற்றுமையாக ஏதாவது செய்து காட்டாவிட்டால், நிலம் கொடுத்தவர்கள் அதை கார் நிறுத்தமாக்கிவிடுவார்களாம். இருபது வருடமாகத் தோட்டத்துக்குச் செயலாளராக இருக்கிறேன். பயமாக இருக்கிறது.

ஸோர்கா

ஹாபாய்
14 ஏப்ரல்

அன்பு அக்கா,

சண்டைக்காரர்களை ஒரே வேலையில் இறக்குங்கள். எங்கள் ஊர் உமு அடுப்பு போடுங்கள். குழி வெட்டி, கல்லைச் சூடாக்கி, எல்லார் வீட்டுக் கிழங்கையும் கறியையும் இலையில் சுற்றி வைத்து மண்ணால் மூட வேண்டும். ஹோடனுக்காகப் பன்றியை விட்டு ஆடு வையுங்கள். ஒரே குழியில் வெந்ததைத் தின்றவர்கள் முறைத்துக்கொண்டு போக மாட்டார்கள்.

எலுமிச்சை பூத்ததா? அதைப் பற்றி இன்னும் இரண்டு வரி எழுதக் கூடாதா?

உங்கள் லெசியெலி

மாங்கெரே
12 மே

கண்ணு,

உன் யோசனை பலித்துவிட்டது! நிலம் பிழைத்தது.

ஆனால் எங்கே வெட்டினாலும் பாறை. ஆழமாகக் கொத்திய மண் உன் பங்கில் மட்டும்தான். "அந்தப் பொண்ணு எப்ப வரப்போகுதோ! வேற மரம் வாங்கிக் குடுத்துட்டாப் போச்சு," என்றார் பாக். எல்லோரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து பாக்கும் ஹோடனும் ஒரே கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதைக் கெடுக்க மனம் வரவில்லை. குழியில் ஒன்றும் தட்டுப்படவில்லை. மரம் விறகுக்கு ஆயிற்று.

இனி ஞாயிறுதோறும் உமுதான். கறி மட்டும் பாதிதான் வெந்தது. நீ வந்து கற்றுக்கொடு. போனது போகட்டும், இருப்பவர்களைப் பார்க்க வேண்டாமா?

அன்புடன்
ஸோர்கா

ஹாபாய்
1 ஜூன்

ஸோர்கா அவர்களுக்கு,

அப்பா செவ்வாய்க்கிழமை போய்விட்டார். நான் அங்கே திரும்பி வரப்போவதில்லை. வேறு மரமும் வேண்டாம்.

கறி வேகாததற்குக் கல் போதாததுதான் காரணம். இன்னும் ஒரு பங்கு கல் சேர்த்து, நன்றாகச் சிவக்கும்வரை எரியுங்கள்.

பாக்கிடமும் ஹோடனிடமும் எதையும் சொல்லாதீர்கள். அவர்கள் தெரியாமல் செய்தார்கள், நிம்மதியாகச் சாப்பிடட்டும். நீங்களும் ஒரு ஞாயிறு தவறாமல் போய் உட்காருங்கள். தட்டில் வைப்பதை மிச்சம் வைக்காதீர்கள். நீங்கள் ஒருத்தி மட்டும் தெரிந்தே சாப்பிடுங்கள்.

லெசியெலி