காந்தமும் காவிரியும்

ஸ்ரீரங்கம், 17 ஜனவரி 2025

மாலை காபி ஆற்றிக்கொண்டிருந்த சுபஸ்ரீயின் கை அப்படியே நின்றது. கண்கள் திறந்திருந்தன, என்னைப் பார்க்கவில்லை. உதடுகள் எதையோ மெல்வதுபோல் அசைந்தன. பக்கத்து வீட்டுப் பாப்பாயி அம்மாள் ஓடி வந்து அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். இரும்பு வலிப்பை நிறுத்தாது என்று எத்தனை முறை சொல்வது? என் மனைவி என் எதிரிலேயே நின்றாள். எங்கே போயிருந்தாள்?

24 ஜனவரி

தில்லைநகரில் மருத்துவர் விளக்கினார். விழுந்து, கைகால் வெட்டி இழுப்பது ஒரு வகை. மூளையின் ஒரு பகுதியில் தொடங்கி நினைவை மட்டும் மறைப்பது இவளுடைய வகை. மாத்திரைகளுக்கு அடங்கவில்லை, மாறிமாறி இரு பக்கமும் தொடங்குவதால் மூளை அறுவைக்கும் இடமில்லை. எனவே இடது மார்பில், தோலுக்கடியில், ஒரு சிறு கருவி, அதிலிருந்து கழுத்து நரம்புக்கு ஒரு கம்பி, விட்டுவிட்டு மின்தூண்டல். "குறையலாம் சார். அடியோட போயிடும்னு சொல்ல மாட்டேன்."

சுபஸ்ரீ கேட்டது ஒன்றுதான்: "ஆடிப் பதினெட்டுக்கு ஆத்துக்குப் போலாமா டாக்டர்?"

வலிப்பு வந்த நாள்முதல் அவளைத் தண்ணீர்ப் பக்கம் நான் விட்டதில்லை. அது நான் போட்ட விதி.

20 பிப்ரவரி

கருவி பொருத்தும் அறுவை முடிந்தது.

9 ஏப்ரல்

கருவி தூண்டும்போதெல்லாம் அவள் குரல் கம்முகிறது. அடுப்படியில் பாடுவதில்லை. அந்தக் குரலுக்காகக் கூடத்தில் செய்தித்தாளைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.

வலிப்பு தொடங்கினால், கருவியோடு கொடுத்த காந்தத்தை அதன்மேல் ஒருமுறை தடவ வேண்டும். கூடுதல் தூண்டல் கிடைக்கும். பாப்பாயி அம்மாளுக்கும் கற்றுக்கொடுத்தேன்.

"நாங்க இரும்பு வச்சா மூடநம்பிக்கை, நீங்க காந்தம் வச்சா வைத்தியமா சார்?"

சுபஸ்ரீ விழுந்து விழுந்து சிரித்தாள். வேறுபாட்டை முறையாக விளக்கினேன். இருவரும் கேட்கவில்லை.

2 ஆகஸ்ட்

வலிப்பு குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. ஆற்றுப் படியில் உட்காரலாம், தண்ணீரில் இறங்கக் கூடாது, உடன் ஒருவர் வேண்டும் என்கிறார் மருத்துவர். அந்த ஒருவர் நான்தான் என்று வேட்டியை எடுத்து வைத்தேன்.

"நீங்க வேணாங்க. பாப்பாயி அக்கா வராங்க."

"ஏன்?"

"நீங்க வந்தா என்னையே பாத்துக்கிட்டு இருப்பீங்க. எனக்குக் காவிரியப் பாக்கணும்."

இது நியாயமா? — நியாயந்தான்.

3 ஆகஸ்ட்

இருவரும் காவிரிக்கரை அம்மா மண்டபத்துக்குப் போயிருக்கிறார்கள். கைபேசியை எடுத்தேன். வைத்தேன். போகட்டும்... ஐயோ, கூட்டம் எவ்வளவு இருக்குமோ!

மதியம்.

வந்துவிட்டாள். கழுத்தில் புது மஞ்சள் கயிறு.

"ஒரு தடவ வந்துச்சுங்க. அக்கா காந்தத்தத் தடவினாங்களாம். முழிச்சப்ப அவங்க மடியில சாஞ்சிருந்தேன். அப்புறம் ரெண்டு பேரும் சித்ரான்னம் சாப்பிட்டோம். என்னா தண்ணிங்கறீங்க!"

கம்மிய குரல்தான். ஆனால் அந்த மலர்ந்த முகத்தை எத்தனை காலம் தேடியிருப்பேன்! நான் இல்லாத இடத்தில் அது அவளிடம் திரும்பியிருக்கிறது.

அடுத்த ஆடிக்கு என்னையும் அழைத்துப்போகச் சொல்லிக் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.