ஏழாம் அறைக்காரர்களுக்குப் போட்ட பெயர்

என் ரஞ்சனிக்கு,

உன் நாற்காலியில் இப்போது வேறொரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். நல்ல பெண்தான். முதல் நாளே என்னை அக்கா என்று கூப்பிட்டாள். எனக்குச் சுருக்கென்றது, கழிவறைக்குப் போய்ச் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தேன். அவள்மேல் என்ன தப்பு?

நீ போய் ஏழு மாதமாகிறது. உன்னிடம் ஒன்றைச் சொல்லவேண்டும். நேரில் சொல்ல வாய்ப்பு இருந்தபோது சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன், ஊரார் படிக்கும்படி.

ஊரார் படிப்பதால் நம் வேலையையும் சொல்லிவிடுகிறேன். "லைப்ரரியில வேலைன்னா புக்க அடுக்கறதா?" என்று கேட்பவர்களுக்கு நீ எத்தனை பொறுமையாக விளக்குவாய்! ஒரு சங்கம் தன் ஆண்டுமலரில் ஒரு பெயர் போடும், அழைப்பிதழில் இன்னொன்று போடும், ஆங்கிலத்தில் மூன்றாவதாக ஒன்று வைத்துக்கொள்ளும். மூன்றும் ஒரே சங்கம் என்று யாராவது எழுதிவைக்காவிட்டால், தேடி வருகிறவருக்குப் பாதிப் புத்தகங்கள் கிடைக்காமலே போகும். அதனால் ஒரு பெயரைத் தலைப்பாக வைக்கிறோம். மற்றப் பெயர்களை அதனோடு கட்டிவிடுகிறோம், 'இதற்கு அதைக் காண்க' என்று. பெயர்ப் பதிவு என்பது அவ்வளவுதான். நீயும் நானும் பதினொரு வருடம் அடுத்தடுத்த மேசையில் அதைத்தான் செய்தோம்.

அந்தச் சமையல் புத்தகம் வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். அறுபது பக்கம், மெல்லிய அட்டை. கட்டுமானத் தொழிலாளர்கள் தங்கும் விடுதி ஒன்றில் ஒரே அறையில் இருந்த பதினாறு பேர் சேர்ந்து எழுதியது. ஒரே அடுப்பில் பதினாறு பேருக்குக் கருவாட்டுக் குழம்பு வைப்பது எப்படி, விடியற்காலை வேலைக்கு ஏற்றிப்போகும் லாரி வருவதற்கு முன் புளிச்சோறு கிளறுவது எப்படி என்றெல்லாம். 'உப்பு: வேலு கையால் ஒரு பிடி. வேலு இல்லாவிட்டால் சிவாவின் கையால் ஒன்றரை' என்று போட்டிருந்ததை நீ சத்தமாகப் படித்தாய். மாடி முழுக்கச் சிரித்தது.

அட்டையில் 'ஏழாம் அறை சமையல் கூட்டம்' என்றிருந்தது. உள்ளே 'ரூம் நம்பர் ஏழு நண்பர்கள்' என்றிருந்தது. பின்னட்டையில் அச்சுக்கு உதவிய தொண்டு நிறுவனத்தின் பெயர் பெரிதாக இருந்தது. நான் அந்த நிறுவனத்தின் பெயரில் பதிந்துவிட்டேன். அதற்கு ஏற்கெனவே பதிவு இருந்தது. ஐந்து நிமிட வேலை.

நீ என் மேசைக்கு வந்தாய். "அக்கா, இது அவங்க செஞ்ச புக் இல்லையே. ஏழாம் அறை செஞ்சது."

"ரூம் நம்பர் ஒரு அமைப்பா ரஞ்சனி?"

"பேரு வச்சிருக்காங்க. ஒண்ணா சேர்ந்து ஒரு வேலை செஞ்சிருக்காங்க. நம்ம ரூல்ல வேற என்ன கேக்குது? நீங்களே படிங்க லா."

விதி உன் பக்கம்தான் இருந்தது. எனக்கும் தெரியும். ஆனால் சுற்றிலும் நான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இதுக்கெல்லாம் பதிவு போட்டா, நாளைக்கு வாட்சப் குரூப்புக்கும் போடணும். நீ சேர்ந்து எத்தனை வருஷம்? எனக்குச் சொல்லிக் குடுக்கறியா?" என்றேன். புத்தகத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாய். மெதுவாக வைத்தாய். அதுதான் இன்றும் உறுத்துகிறது.

அடுத்த வாரமே நீ விடுப்பு எடுத்தாய். வயிற்று வலி என்றார்கள். நான் நம்பவில்லை. கோபத்தில் வராமலிருக்கிறாய் என்று நினைத்தேன். 'வரட்டும், நானாகப் பேசமாட்டேன்' என்று இருந்தேன். பதினொரு வருடப் பழக்கத்தில் உன்னைப் பற்றி அப்படி நினைக்க எனக்கு எப்படித் தோன்றியது?

கணையத்தில் புற்றுநோய் என்று உன் அம்மா தொலைபேசியில் சொன்னபோது ஈசூன் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் நின்றிருந்தேன். மூன்று ரயில் போன பிறகுதான் ஏறினேன்.

பிடோக்கில் உன் வீட்டுக்கு வந்து உன்னைப் பார்த்தது நான்கு முறை. முதல் மூன்று முறையும் நீ அலுவலகக் கதை கேட்டாய், நான் சொன்னேன். நான்காவது முறை வந்தபோது கட்டிலோடு கட்டிலாக ஒட்டிக்கிடந்தாய். வெளியே மழை. அம்மா சமையலறையில் ஹார்லிக்ஸ் கலக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்தச் சமையல் புக் என்னாச்சு?"

நான் தொடவே இல்லை, ரஞ்சனி. மறந்தேபோயிருந்தேன். ஆனால் வாய் சொல்லிவிட்டது: "மாத்திட்டேன்மா."

"நெஜமாவா? எந்தப் பேரு?"

"அட்டையில இருக்கறதுதான்."

"உள்ள இருக்கறத அதோட சேத்துட்டீங்களா?"

"சேத்துட்டேன்."

நீ சிரித்தாய். எலும்பாகிப்போன முகத்தில் அந்தச் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. பிறகு தலையணைக்குப் பக்கத்திலிருந்த கைப்பேசியை எடுத்து யாருக்கோ ஏதோ தட்டினாய். நேரமெடுத்துத் தட்டினாய். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

இரண்டு நாளில் நீ போய்விட்டாய்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வந்து, மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனேன். உன் அம்மாவின் கண்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. அலுவலகத்தில் உன் மேசையைக் காலி செய்யச் சொன்னபோதும் நாளைக் கடத்தினேன். கடைசியில் ஒரு மத்தியானம் இழுப்பறையைத் திறந்தால் மேலேயே ஒரு தாள். ஏழாம் அறையின் பெயர் எங்கெங்கே எப்படி வருகிறது என்று உன் குட்டி எழுத்தில் வரிசையாக எழுதியிருந்தாய். கீழே: 'செல்வராசு. ஞாயிறு நாலு மணி. லிட்டில் இந்தியா எம்ஆர்டி பக்கத்துப் புல்வெளி, மூணாவது மரம்.'

நீ நேரில் போயிருக்கிறாய்! என்னோடு சண்டை போட்ட பிறகு, அந்த வலியோடு.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். நம் ஊர் ஞாயிற்றுக்கிழமைச் சிராங்கூன் சாலை உனக்குத் தெரியாததா? நடைபாதையில் காலை வைக்க இடமில்லை. புல்வெளியில் மூன்றாவது மரத்தடியில் எட்டுப் பேர் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இரண்டு பெரிய தூக்குவாளிகள். செல்வராசு யார் என்று கேட்டேன். முப்பத்தைந்து வயதிருக்கும் ஒருவர் எழுந்தார். நூலகத்திலிருந்து வருகிறேன் என்றதும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"ரஞ்சனி மேடம் அனுப்பினாங்களா? நல்லா இருக்காங்களா மேடம்? ரொம்ப நாளா போன் எடுக்கல. நாங்க ஏதும் தப்பாப் பேசிட்டமோன்னு இருந்தோம்."

நின்றபடியே சொன்னேன், நீ இறந்துவிட்டாய் என்று. வேறு எப்படிச் சொல்வது? அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டைக் கீழே வைத்தார்கள். எந்தத் தேதி என்று கேட்டார். சொன்னேன். கைப்பேசியை எடுத்துப் பார்த்தார்.

"அப்போ இத அனுப்பி ரெண்டே நாள்ல..." என்று என்னிடம் நீட்டினார்.

உன் செய்தி. 'போட்டாச்சு அண்ணா. அட்டையில் உள்ள பெயர்தான். லைப்ரரி வெப்சைட்டில் தேடிப் பாருங்க.'

"தேடினோம் மேடம். இவனுங்க எல்லாரும் அவனவன் போன்ல தேடினானுங்க. வரல. எங்களுக்குத்தான் தேடத் தெரியலன்னு நெனச்சோம்."

ரஞ்சனி, என் ஐம்பத்தாறு வயதில் அதைப்போல ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை. தங்கள் பெயர் அங்கே இல்லாததற்குத் தாங்கள்தான் காரணம் என்று அந்தப் பிள்ளைகள் மூன்று மாதம் நினைத்திருக்கிறார்கள்.

"உங்களுக்குத் தேடத் தெரியாம இல்ல. அது அங்க இல்ல. நான் போடல. போட்டுட்டேன்னு அவகிட்ட பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

கூட்டத்திலேயே மூத்தவர் ஒருவர், நரைத்த மீசை, அவர்தான் வேலு என்று பிறகு தெரிந்தது. "சாகக் கெடக்கற பொண்ணுகிட்டயா பொய் சொன்னீங்க?" என்று கேட்டார்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"விடுண்ணே" என்றார் செல்வராசு. பிறகு என்னைப் பார்த்து, "இப்பப் போட முடியுமா?" என்றார்.

"முடியும்."

"அப்ப உக்காருங்க. என்னென்ன வேணும், கேளுங்க."

செய்தித்தாளில் இடம் ஒதுக்கினார்கள். நான் கேட்டேன், அவர்கள் சொன்னார்கள். ஏழாம் அறையில் இப்போது அவர்களில் ஒருவர்கூட இல்லை. வேலை மாற, கம்பெனி மாற, மூன்று விடுதிகளுக்குப் பிரிந்துவிட்டார்கள். நான்கு பேர் ஊருக்கே திரும்பிவிட்டார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவரவர் சமைத்து எடுத்துக்கொண்டு மரத்தடிக்கு வந்துவிடுகிறார்கள். பெயரை மட்டும் மாற்றவில்லை. "அறை போச்சு, கூட்டம் போகல மேடம்" என்றார் ஒருவர். நம் விதிப்புத்தகத்தில் இதைவிடத் தெளிவாக எழுதியிருப்பதாக எனக்கு நினைவில்லை.

உன்னைப் பற்றியும் சொன்னார்கள். இரண்டு முறை வந்தாயாம். முதல் முறை மீன் குழம்பை ஒரு கை பார்த்தாயாம். இரண்டாம் முறை ஒரு வாய்கூடச் சாப்பிட முடியவில்லையாம். அம்மாவுக்கு என்று கட்டிக் கொடுக்கச் சொன்னாயாம். "எங்க ஆபீஸ்ல ஒரு அக்கா இருக்காங்க. முதல்ல முடியாதும்பாங்க, கத்துவாங்க. அப்புறம் அவங்களே போட்டுடுவாங்க, பாருங்க" என்று சொன்னாயாம். செல்வராசு சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

திங்கட்கிழமை மேலாளரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். திருத்த விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் 'என் பிழை' என்று எழுதினேன். தொண்டு நிறுவனத்தை அச்சுக்கு உதவியவர் என்ற இடத்துக்கு நகர்த்தினேன். ஏழாம் அறை சமையல் கூட்டத்துக்குப் புதுப் பதிவு போட்டேன். உள்ளே இருந்த பெயரையும், ஆங்கிலத்தில் எப்படி எழுதுவார்கள் என்பதையும், அவர்கள் பேச்சுவழக்கில் சொல்லும் 'ஏழாம் ரூம்' என்பதையும் அதனோடு கட்டினேன். தகவல் எங்கிருந்து கிடைத்தது என்று எழுதும் இடத்தில் 'குழு உறுப்பினர்களுடன் நேரில் பேசி அறிந்தது' என்று எழுதினேன். பேசி அறிந்தவள் நீ. ஆனால் அங்கே நம் பெயர் எழுதும் வழக்கம் இல்லையே. ஊரார் பெயரையெல்லாம் காப்பாற்றும் நம் பெயர் எந்தப் பதிவிலும் வருவதில்லை. உனக்கு அது ஒருநாளும் குறையாகப் படவில்லை. எனக்கு இப்போது படுகிறது.

பதிவு ஏறியபின் வந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி மரத்தடிக்குப் போனேன். வேலு தன் கைப்பேசியில் தானே தட்டித் தேடினார். வந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தார். தேடும் பக்கத்துக்குத் திரும்பிப் போய், புத்தகத்துக்குள் இருந்த இன்னொரு பெயரைப் போட்டுத் தேடினார். அதே பதிவு வந்தது. 'ஏழாம் ரூம்' என்று தேடினார். மறுபடி அதுவே.

"எப்படிக் கூப்பிட்டாலும் நம்மகிட்டயே வருதுடா" என்றார்.

பிறகு ஒரு தட்டில் சோறு போட்டு என்முன் வைத்தார். மன்னித்துவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். சாப்பிடச் சொன்னார், சாப்பிட்டேன்.

அடுத்த நாள் பிடோக் போய் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழவில்லை அவர். சன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு, "அவளும் எனக்குப் பொய் சொன்னவள்தானே பிள்ளை. நோகேல்லை அம்மா, நோகேல்லை எண்டு கடைசி வரைக்கும் சொன்னவள். எனக்குத் தெரியாதே?" என்றார்.

அப்போதிருந்து இதுதான் என்னைக் குடைகிறது. உனக்கும் தெரிந்திருந்ததா, ரஞ்சனி? பதினொரு வருடம் என் முகத்தைப் பார்த்தவளாயிற்றே. பொய் என்று தெரிந்தும், நான் எப்படியும் போட்டுவிடுவேன் என்ற தைரியத்தில்தான் அவர்களுக்கு எழுதினாயா? அல்லது என்னை அப்படியே நம்பி, நிம்மதியாகக் கண்ணை மூடினாயா? இரண்டில் எது என்னை அதிகம் நோகடிக்கும் என்றே எனக்குத் தெரியவில்லை.

ஒரு செய்தி மிச்சமிருக்கிறது. செல்வராசுவின் வேலை பெர்மிட் அடுத்த மாதம் முடிகிறது. பட்டுக்கோட்டைப் பக்கம் ஊருக்குப் போகிறார். பெண் பள்ளிக்கூடம் சேர்ந்துவிட்டாளாம்; அப்பாவைக் கைப்பேசிக்குள் மட்டுமே பார்த்த பிள்ளை. அவர் போனபிறகு புதிதாகச் சேர்ந்தவர்கள் பெயரை மாற்றலாமா என்று பேசிக்கொள்கிறார்கள். 'மூணாவது மரம்' என்று ஒரு கட்சி. வேலு முறைக்கிறார்.

மாற்றட்டும். மாறினால் புதுப் பெயருக்கும் ஒரு பதிவு போடுவேன். பழையதை அழிக்கமாட்டேன். முன்பு இவர்கள் இன்னார், பின்பு இவர்கள் இன்னார் என்று இரண்டையும் ஒன்றோடொன்று பிணைத்துவைப்பேன். யார் எந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் எல்லோரிடமும் போய்ச் சேரும்படி செய்வேன். செய்துவிட்டுத்தான் செய்தேன் என்று சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன்னோடு பிறக்காமல் உனக்கு அக்காவானவள்,
கோமதி