ஐம்பத்தைந்து தேங்காய்

மார்ச் 3

ஏழு மணிக்கே வீட்டை விட்டு இறங்கினேன். முதுகில் கொலிஜ் பாக். உள்ளே புத்தகம் இல்லை. ஒரு சோடி கையுறை, அம்மா கட்டித் தந்த புட்டு, அவ்வளவுதான். ஜனவரியோடு படிப்பை விட்டாயிற்று. மிசிசாகாவில் ஒரு வெயார்ஹவுஸில் பெட்டி ஏற்றுகிறேன். வீட்டில் தெரியாது.

கதவடியில் அப்பா கேட்டார், "படிப்பு எப்பிடிப் போகுது, நிலாணி?"

"போகுது அப்பா."

பொய் இல்லை. அது போய்க்கொண்டுதான் இருக்கும். நான்தான் அதில் இல்லை.

மார்ச் 12

மத்தியானம் போனைத் திறந்தால் டானி வெல்ட். எங்கள் ரொரன்ரோ பேஸ்போல் அணியின் டானி. போன வருஷம் பந்தை வேலிக்கு வெளியே தூக்கி ஐம்பத்தைந்து ஹோம் ரன் அடித்து அணியின் பழைய ரெக்கோர்டை உடைத்தவன். ஊக்கமருந்தாம். போன வருஷமும் எடுத்ததாக அவனே ஒத்துக்கொண்டுவிட்டான். எண்பது மட்சுக்குத் தடை.

எனக்கு முதலில் நினைவு வந்தது தேங்காய்.

போன செப்டம்பரில் அப்பா பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தார். டானி ரெக்கோர்டை உடைத்தால் ஹோம் ரன்னுக்கு ஒரு தேங்காய். அவன் உடைத்தான், இவரும் உடைத்தார். ஐம்பத்தைந்து. விசா அலுவலோ, பிள்ளையின் கல்யாணமோ என்று ஐயர் கேட்க, "பேஸ்போல் ஐயா" என்றார். மூன்று நாள் தோளைத் தூக்க முடியவில்லை. அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் கண்டதில்லை.

வீட்டுக்கு வந்தபோது டிவி ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் இல்லாமல்.

மார்ச் 15

அப்பாவோடு பாண் சுடும் பேக்கரி ஃபக்டரியில் வேலை செய்யும் எட்வேட் அங்கிள் வந்தார். செருப்பைக் கழற்ற முதலே தொடங்கிவிட்டார்.

"சச்சி, பிள்ளையாரிட்ட ரீஃபண்ட் கேட்டனியோ? ரசீது வைச்சிருக்கிறாய்தானே?"

அப்பாவும் சிரித்தார். அங்கிள் போன பிறகு கோப்பைகளை எடுத்துக்கொண்டே சொன்னார்: "தோத்திருந்தா நான் ஒண்டும் சொல்லியிருக்க மாட்டன். நேர்மையா உழைக்கிற பிள்ளை எண்டு சாமிக்கு முன்னால நிண்டு சொன்னனான். என்னையும் பொய்யனாக்கிப் போட்டான்."

என் பட்டமளிப்புக்கு நூற்றெட்டுத் தேங்காய் நேர்ந்திருக்கிறார். அம்மா சொல்லித் தெரியும். அப்போதும் சாமிக்கு முன்னால் இதே வசனத்தைத்தான் சொல்லியிருப்பார்.

மார்ச் 16

சொல்ல வேணும். இண்டைக்கு இல்லை.

ஏப்ரல் 20

டானி டிவியில் மன்னிப்புக் கேட்டான். அப்பா சனலை மாற்றினார். எனக்கு ஏன் அப்படிக் கோபம் வந்தது? ஒரு நிமிஷம் கேட்டால் என்ன, மற்ற ஆக்களெல்லாம் சுத்தமோ என்று கத்தினேன்.

"எடுத்ததை விடு. ஏன் ஒளிச்சவன்?"

"சொன்னா நீங்கள் சனலை மாத்துவீங்கள் எண்டு தெரிஞ்சிருக்கும்."

அப்பா என்னையே பார்த்தார். கழுவின கோப்பையைத் திரும்பவும் கழுவினேன்.

ஜூலை 1

டானி திரும்பி வந்த மட்ச். அங்கிளுக்கு வேலை, அவருடைய டிக்கெட்டில் அப்பாவோடு நான் போனேன். அவன் மட்டையோடு வந்ததும் ஸ்டேடியமே ஏளனமாகக் கூவியது. முன்வரிசையில் ஒருத்தி அவன் பெயர் போட்ட ஜேர்சியில் பெயருக்கு மேல் டேப் ஒட்டியிருந்தாள். ஆனாலும் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். பக்கத்துக் கிழவர் ஒருவர் மட்டும் விடாமல் கை தட்டினார். அப்பா கூவவும் இல்லை, தட்டவும் இல்லை. கை இரண்டும் மடியில். மூன்று தரமும் டானி அவுட்.

"பாவம்," என்றார் அப்பா. "மெலிஞ்சு போனான்."

பாவம். அந்தச் சொல்லோடு எனக்கு எல்லாம் உடைந்துவிட்டது. சப்வேயில், கென்னடி ஸ்டேஷன் வர முதல், சொல்லிவிட்டேன்.

"அப்பா, நான் ஜனவரியிலயே படிப்பை விட்டிட்டன்."

அப்பா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"அப்ப காலமை எங்க போறனீ?"

"மிசிசாகா. பெட்டி ஏத்த."

"கொம்மாவுக்குத் தெரியுமோ?"

"இல்லை. அப்பா, எனக்கு நேர்ந்த தேங்காய் வேண்டாம். பிள்ளையாரிட்டச் சொல்லிவிடுங்கோ."

கென்னடியில் எனக்கு முன்னால் இறங்கி நடந்தார்.

ஜூலை 2

அம்மா அழுதா. அப்பா பேசவில்லை. புட்டு மட்டும் கட்டியிருந்தது.

ஜூலை 4

அப்பா இன்றும் பேசவில்லை. கொலிஜ் பாக்கை அலுமாரிக்குள் போட்டுவிட்டேன். சாப்பாட்டுப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறேன். பஸ்ஸில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் என்ன நினைத்திருந்தேன்?

ஜூலை 6

ஞாயிறு, மத்தியான மட்ச். அப்பா டிவியைப் போட்டார், சத்தத்தோடு. நான் படியில் இருந்தேன், சோபாவுக்குப் போகவில்லை. ஆறாவது இன்னிங்ஸில் டானி தூக்கி அடித்தான். பந்து வேலிக்கு மேலால் போனது, தடைக்குப் பிறகு அவனுடைய முதல் ஹோம் ரன். பாதிப் பேர் கூவினார்கள், பாதிப் பேர் எழும்பி நின்றார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு ஓடினான்.

அப்பா எழும்பவில்லை. திரையைப் பார்த்தபடி, "ஒண்டு," என்றார்.

பிறகு, திரும்பாமலே: "நாளைக்கு எத்தினை மணிக்கு வேலை?"

"எட்டரைக்கு."

"பஸ்ஸில ஏன் அலையிறாய்? நான் இறக்கி விடுறன்."