எதிர்ப்பக்கம் ஓடிய எஞ்சின்

18 ஏப்ரல் 1989

இன்று நான் வாயைத் திறக்காமல் இருந்தது சரியில்லை.

மம்சாபுரம் தோட்டத்து டீசல் எஞ்சினை விற்றுவிட்டுக் கரண்டு மோட்டார் வைக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் முடிவு செய்துவிட்டார். எனக்குத்தான் மனமில்லை. மற்ற எஞ்சின்களுக்குள் டீசல் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றுக்குத்தான் வெடிக்கும். இது டூ ஸ்ட்ரோக், ஒவ்வொரு சுற்றுக்கும் வெடிக்கும். இடைவெளியில்லாத அந்தச் சத்தம் கேட்டால் கைவேலை அப்படியே நின்றுவிடும். கிளப்பும்போது விக்கினால் எதிர்ப்பக்கமாகச் சுற்றத் தொடங்கும். அப்படியும் குறையில்லாமல் ஓடும். அந்தக் கிறுக்கு வேறு எதற்கு உண்டு?

வழக்கமாக ஓட்டும் சுப்பையா இன்று வரவில்லை. செட்டியார்பட்டிக்காரர் விலைக்குப் பார்க்க வந்ததும் இவரே கிளப்பினார். எஞ்சின் விக்கியது எனக்குக் கேட்டது; எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டது என்று தெரிந்துகொண்டேன். வேகமெடுத்த சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று அவர்கள் இருவர் கண்ணுக்கும் தெரியவில்லை. பம்பும் எதிர்ப்பக்கம் சுற்றியதால் தண்ணீர் ஏறவில்லை.

"என்ன அண்ணாச்சி, சத்தத்தையா வயல்ல பாய்ச்சுறது?" என்று சிரித்துவிட்டு அவர் போய்விட்டார். நிறுத்தி மறுபடி கிளப்பினால் போதும் என்று நான் சொல்லவில்லை.

சாப்பிடும்போது இவர், "வருத்தப்படாதே. நாளைக்கு ராஜபாளையத்துல இருந்து மெக்கானிக்கைக் கூட்டிட்டு வாரேன். உனக்குப் பிடிச்ச எஞ்சினை அப்படியே விட்டுருவனா?" என்றார்.

சொன்னால் எஞ்சின் விலைக்குப் போய்விடும். சொல்லாவிட்டால் இல்லாத நோய்க்கு அதைப் பிரித்துப் போடுவார்கள். எந்தப் பக்கம் சுற்றினாலும் ஓடுகிற எஞ்சினுக்கு உதவாதது என்ற பேரை நானே வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

தூங்கிவிட்டார். எழுப்பிச் சொல்லிவிடுகிறேன்.