விருந்தினர் பட்டியலில் உன் பெயர்

மரியன்பாத்,
18 ஜூன் 1908

அன்புத் தங்கை ஹெர்மினாவுக்கு,

ஒட்டிலி எழுதுகிறேன். ஒரே ஊரில், இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு தபாலில் எழுதுகிறாளே என்று நீ சிரிக்கலாம். சிரி. பதினோரு வருடம் பேசாமல் இருந்துவிட்டு எந்த முகத்தோடு நேரில் வருவேன்?

நான் சுகம். பருமன்தான் குறையவில்லை. வைத்தியர் வெண்ணெயை நிறுத்திவிட்டார். தினமும் விடியற்காலையில் சிலுவை ஊற்றில் மூன்று கோப்பை மருந்துத் தண்ணீர், ஒவ்வொன்றுக்கும் நடுவே கால் மணி நேர நடை. தண்ணீரா அது! உப்பில் துருவைக் கரைத்த மாதிரி. ஊற்றில் மொண்டு தருகிற ரேஸி என் முகத்தைப் பார்த்துவிட்டு, “தண்ணி மேல ஏம்மா கோவப்படுறீங்க? கேக்கைத் தின்னது அதுவா?” என்று கேட்டாள். வரிசையே சிரித்தது. வாய்க்கொழுப்பு.

செவ்வாய்க்கிழமை, இந்த ஊருக்குச் சிகிச்சைக்கு வந்தவர்களின் பெயரை அச்சிட்டு விற்கிற விருந்தினர் பட்டியலை வாங்கினேன். என் பெயரை அச்சில் பார்க்கும் ஆசைதான், உனக்குத் தெரியாததா. 4112-ஆம் எண், நான், தோல் தொழிற்சாலை முதலாளியின் மனைவி. பதினான்கு பேர் தள்ளி நீ. ‘திருமதி ஹெர்மினா பிக்லர், இசைக்கலைஞரின் விதவை, லின்ஸ் நகர்.’

விதவை. அந்தச் சொல்லை எத்தனை முறை படித்தேனோ. உன் லோரென்ஸ் போனதை அச்சுக்காரன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஏன் எழுதவில்லை என்று உன்னைக் கேட்க எனக்கு வாயில்லை. உன் கல்யாணப் பத்திரிகையைத் திருப்பி அனுப்பியவள் நான். “காலம் பூரா ரெண்டாவது வரிசையில உக்காந்து வயலின் வாசிக்கிறவனையா கட்டிக்கப்போற?” என்று கேட்டவளும் நான்தான்.

நேற்றுக் காலை பூங்காவில் உன்னைப் பார்த்தேன். எல்லாரும் கோப்பையும் கையுமாக நடக்க, நீ மட்டும் இசை மண்டபத்தின் ஓரத்தில், இரண்டாம் வரிசை வயலின்காரர்கள் வாசிக்கிற பக்கம், கண்ணை மூடி நின்றாய். கோப்பையில் தண்ணீர் அப்படியே இருந்தது. நான் ஒரு மரத்துக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். என் உடம்பை மறைக்க அந்த மரம் போதவில்லை. நீ கண்ணைத் திறந்திருந்தால் மாட்டியிருப்பேன்.

நீ போன பிறகு அதே இடத்தில் நின்று அவர்கள் வாசிப்பதைக் கேட்டேன். முன்வரிசைக்காரர் பாட்டை மேலே கொண்டுபோகிறார். இவர்கள் அடியில் ஒரே சீராக வாசிக்கிறார்கள். நடுவில் ஓரிடத்தில் இவர்கள் கொஞ்ச நேரம் நிறுத்தினார்கள். முன்னால் இருந்தவரின் பாட்டு பாவமாகத் தனியே நின்றது. இத்தனை வருடம் கச்சேரிக்குப் போயும் எனக்கு இது தெரியவில்லை. ஹெர்மினா, நான் சொன்னது தப்பு. லோரென்ஸ் இருக்கும்போதே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு அங்கே வருவேன். நடையை விட்டதற்கு வைத்தியர் திட்டட்டும். நீ பேச வேண்டாம், திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம். பக்கத்தில் நிற்க மட்டும் இடம் கொடு.

ஆண்டவர் உனக்கு நல்ல தூக்கத்தைத் தரட்டும். அந்தக் குளிரில் சால்வை இல்லாமல் நின்றாயே. நான் இரண்டு கொண்டுவருகிறேன்.

உன் அக்கா,
ஒட்டிலி