ஒரு படி கீழே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அந்தச் சரக்குக் கப்பலில் வேலைக்கு ஏறலாமா என்று கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. அந்த நீரிணையைப் பற்றி ஏறக்குறைய உன் வயதளவுக்கு நான் எழுதிவருகிறேன், இரண்டு கரையிலும் எத்தனை போர்ப் படகு நிற்கிறது, யார் எப்போது யாரை மிரட்டினார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன், ஆனால் என் பெண் அந்த வழியாகப் போய்த் திரும்பி வருவாளா என்று மட்டும் கணிக்கத் தெரியவில்லை. போனில் நீ கேட்டபோது சிக்னல் சரியில்லை என்று நான் சொன்னது பொய்.

நீ வேளைக்குச் சாப்பிட்டு, கிடைத்த நேரத்தில் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, அப்பாவின் இடது கண்ணைத் தவிர. புரை முற்றிவிட்டது, உடனே எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். ஒரு கண்ணால பார்க்கும்போதே உலகம் சகிக்கல, ரெண்டாவது எதுக்கு என்று கேட்டு அவரையே சிரிக்கவைத்துவிட்டு வந்துவிட்டார் உன் அப்பா. மாடிக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. நீ கேட்ட கேள்வியை அவரிடம் சொன்னேன். கல்யாணம் பண்ணிக்கலாமான்னு நான் கேட்டதுக்கே வாய்ப்பு இருக்குன்னுதான் சொன்னவ நீ, அவளுக்கு மட்டும் நேரா பதில் சொல்லிடப்போறியா என்றார். சொல்லிவிட்டு, ஒழுகாத குழாயைப் போய் இறுக்கிக்கொண்டிருந்தார்.

எங்கள் ஆய்வு நிறுவனத்தில் ஒன்று நடக்கும், நடக்காது என்று எழுத முடியாது என்பது உனக்குத் தெரியும். அரிது, குறைவு, அதிகம், உறுதி என்று ஏணிப்படி மாதிரி நான்கு சொற்கள்தான், அதற்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நடுவில் ஒரு படி இருந்தது, அது தப்பித்துக்கொள்கிறவர்கள் உட்காரும் இடம் என்று பழைய இயக்குநர் எடுத்துவிட்டார். இந்தப் பருவத்தில் அந்த நீரிணையில் சரக்குக் கப்பலைப் பிடித்துவைக்கும் வாய்ப்பு அதிகம் என்று நான் எழுதிக் கொடுத்தேன். இன்று கடைசிப் பார்வைக்குத் திரும்பி வந்த அறிக்கையில் குறைவு என்று இருக்கிறது, மேலே என் பெயர். இப்போதைய இயக்குநர் மரியாதையானவர், என் அறைக்கே வந்து சொன்னார். "அதிகம்னு போட்டா கப்பல் கம்பெனிக்காரங்க எல்லாம் அலறுவாங்க, அமைச்சகத்துலேருந்து எனக்குத்தான் போன் வரும். ஒரு படி இறக்கிக்கலாம் மேடம். ஒரே ஒரு படிதானே?"

என் கணிப்பு தவறாகவும் இருக்கலாம் அல்லவா? முன்பு ஒருமுறை வடக்கு எல்லையில் மோதல் வரும் என்று அறுபது பக்கம் எழுதினேன், வந்தது மீன்பிடி ஒப்பந்தம். அன்றிலிருந்து அலுவலகத்துச் சின்னப் பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் என்னை 'ஒருவேளை மேடம்' என்றுதான் சொல்கிறார்கள், அது எனக்குத் தெரியாது என்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் இயக்குநர் போன பிறகு மேசையில் இருந்த வரைபடத்தைப் பார்த்தேன், நீ போகும் வழி அதில் என் சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. நாளை காலை அவரிடம் சொல்லிவிடப் போகிறேன், என் சொல்லைத் திரும்பப் போடுங்கள், இல்லையென்றால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று. நீயும் ஒன்று செய். ஆதாரம் கேட்காதே, இந்த வரிக்கு அடிக்குறிப்பு கிடையாது. அந்தக் கப்பலில் ஏறாதே. இதை விட்டால் அடுத்த கப்பலுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்கிறாய், காத்திரு. பெண் அதிகாரி, பயந்துவிட்டாள் என்பார்கள் என்கிறாய், சொல்லிவிட்டுப் போகட்டும்.

சாமி கும்பிடாதவளின் ஆசீர்வாதத்துக்கு எவ்வளவு பலன் என்று தெரியாது, இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும். ஈரத் தலையோடு படுக்காதே. அப்பாவிடம் கண்ணைப் பற்றி நீ ஒரு வார்த்தை சொல், உன் பேச்சைத்தான் கேட்பார்.

இப்படிக்கு,
உன் அம்மா

மறுநாள் மாலை. நேற்று அனுப்பாமல் வைத்திருந்தேன், இயக்குநரிடம் பேசிவிட்டு அனுப்பலாம் என்று. காலையில் பேசினேன். பொறுமையாகக் கேட்டார், வருத்தப்பட்டார், என் பெயரை எடுத்துவிட்டார். குறைவு அப்படியே இருக்கிறது, மதியம் அறிக்கை வெளியே போய்விட்டது. ஐந்து மணிக்கு நீ அழைத்தாய். கையெழுத்துப் போட்டுக் கப்பலில் ஏறிவிட்டேன், விடிந்ததும் கிளம்புகிறோம் என்றாய். "கேப்டன் உங்க ஆபீஸ் அறிக்கையை எல்லாருக்கும் படிச்சுக் காட்டினாரும்மா. ஆபத்து குறைவுன்னு போட்டிருக்கு. பேர் இல்ல, ஆனா இது எங்கம்மா எழுதினதுன்னு நான் சொல்லிட்டேன். அப்புறம்தான் எல்லாருக்கும் நிம்மதி." உன் பக்கத்தில் யாரோ சிரிப்பது கேட்டது. நான் சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றாய். போனை வைத்துவிட்டேன். இதை ஒரு வரிகூட மாற்றாமல் இப்போதே உன் போனுக்கு அனுப்புகிறேன். விடிவதற்குள் அவர்களுக்கும் படித்துக் காட்டு. யார் எழுதியது என்று கேட்டால், சொல்.