பக்கத்து வீட்டுப் புல்லும் நம் வீட்டுப் படித்துறையும்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவுக்கும் எனக்கும் உடம்பு சொன்னபடி கேட்கிறது, அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்ற நினைப்பில் எழுதுகிறேன். விடுமுறைக்குப் பையனை அழைத்து வரலாமா என்று கேட்டிருந்தாய். நான் எழுதினால் சுற்றி வளைத்துக் குழப்பிவிடுவேன் என்பதால் சொல்ல வேண்டியதை முதலிலேயே வரிசைப்படுத்துகிறேன்:

1. வரலாம், ஆனால் பையனை ஏரியில் இறக்கக் கூடாது.
2. அதற்குக் காரணம், சுகாதார வாரியம் என்ற பெயரில் இங்கே நடக்கும் கூத்து.
3. போன வருஷம் அவனைப் படுக்க வைத்தது பக்கத்து வீட்டு செப்டிக் டேங்க்.

ஏரியில் ஆடிவிட்டு வந்து அவன் வாந்தியும் பேதியுமாகச் சுருண்டு கிடந்தது உனக்கு மறந்திருக்காது. அத்தை சமையல்ல எண்ணெய் ஜாஸ்தி, அவனுக்கு ஒத்துக்கல என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டுப் போனார். அவர் மனசில் ஒன்றுமில்லை, தெரியும். ஆனால் அம்மா அன்றிலிருந்து எண்ணெய் ஊற்றும்போதெல்லாம் கரண்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கிறாள்.

இனி வாரியம். கரையோர வீடுகளின் டேங்க் ஒழுகுகிறதா என்று பார்த்துச் சான்று தருவது அவர்கள் வேலை. சோதனை சுலபம்தான், கழிவறையில் பச்சைச் சாயப்பொடியைக் கொட்டி நிறையத் தண்ணீர் விட்டு, நாலைந்து நாள் ஏரியைக் கவனிக்க வேண்டும், கரையில் பச்சை தெரிந்தால் டேங்க் ஒழுகுகிறது என்று அர்த்தம். இதை இவர்கள் செய்கிற அழகைக் கேள். என்றைக்கு வருவோம் என்று முன்கூட்டியே ஒலிபெருக்கியில் சொல்லிவிடுகிறார்கள், அதுவும் ஏரி வற்றிக் கிடக்கிற கோடையில். அன்று டேங்க்கில் ஒன்றும் விழக் கூடாதென்று தெருவே சொந்தக்காரர் வீட்டுக்குக் கிளம்பிவிடும், போக இடமில்லாதவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வாரியத் தலைவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலோடு நின்றுகொள்வார், தெருவில் அவருக்குக் கைக்குட்டை என்றே பெயர். இன்ஸ்பெக்டர் ஒரு சிட்டிகைப் பொடி போட்டு ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுவார், டீ குடித்து முடிக்கும்வரை ஏரியைப் பார்ப்பார், தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு சார் என்பார், கதவில் 'தேர்ச்சி' என்று ஸ்டிக்கர் விழும். பரீட்சைக்கே வராத பிள்ளைக்கு பாஸ் போடுகிற வாத்தியாரைக்கூட இவர்களைவிட நான் மதிப்பேன், அவருக்காவது பிள்ளையின் முகம் தெரிந்திருக்கும்.

வாரியக் கூட்டத்தில் இதைக் கேட்டுவிடுவதென்று போய், எழுந்தும் நின்றேன். கைக்குட்டை என்னைப் பார்த்து, என்ன பெரியவரே, உங்க டேங்க்ல மீன் கீன் வளக்கறீங்களா என்றார், எல்லோரும் சிரித்தார்கள். ஃபேனைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். என் தைரியம் உனக்குத் தெரிந்ததுதானே. அந்த மனிதர்தான் நம் பக்கத்து வீடு. அவர் தோட்டத்தில் டேங்க்குக்கு மேலே மட்டும் புல் கோடையிலும் பசேலென்று நிற்கிறது, வேறு சாட்சி வேண்டுமா? ஊருக்குச் சான்று கொடுக்கிறவர் வீட்டு அழுக்கில்தான் நம் பேரன் முங்கி எழுந்திருக்கிறான். நம் டேங்க் அப்படியல்ல, நானே கூட நின்று நூல் பிடித்துக் கட்டியது.

இதுவரை எழுதி மேசைமேல் வைத்திருந்ததைப் போன வாரம் அம்மா எடுத்துப் படித்துவிட்டாள். அடுத்த வீட்டுப் புல்லையே எத்தனை நாளைக்குப் பாப்பீங்க, நம்மளதையும் ஒரு தடவ பாத்துடலாமே என்றாள். தேவையில்லை என்றேன், கொஞ்சம் எரிச்சலாகவே. நமக்கு ஸ்டிக்கர் ஒட்ட வந்த அன்று இன்ஸ்பெக்டர் மதில்மேல் மறந்துவிட்டுப் போன பொடிப் பொட்டலத்தை அவள் எடுத்து வைத்திருந்திருக்கிறாள். என்னிடம் சொல்லாமல் அத்தனையும் கொட்டி வாளி வாளியாக ஊற்றியிருக்கிறாள். மழையில் ஏரி இப்போது நன்றாக ஏறியிருக்கிறது. இன்று காலை என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். நம் படித்துறையில், பையன் குதித்து ஆடிய அந்தப் படியை ஒட்டி, தண்ணீர் பச்சையாக இருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன், அப்போதும் பச்சைதான். அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மொதல்ல மாப்பிள்ளைக்கு எழுதுங்க, எண்ணெயும் இல்ல ஒண்ணும் இல்ல, மாமனார் நூல் பிடிச்சுக் கட்டுனதுன்னு என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்ததைக் கேட்டேன்.

கொத்தனாருக்குச் சொல்லியாகிவிட்டது. நாளை வாரியக் கூட்டம், நம் கதவு ஸ்டிக்கரை உரித்துக் கையோடு எடுத்துப் போகிறேன். இந்தத் தடவை ஃபேனைப் பற்றிப் பேச மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

பையனுக்குக் காய்ச்சி ஆறின தண்ணீரே கொடு. மூவரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக இருக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதம். மேலே போட்ட வரிசையில் முதல் இரண்டும் நான் எழுதியபடியே இருக்கட்டும், நமக்கே தேர்ச்சி கொடுத்தவர்களைப் பற்றி எழுதியதில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை. மூன்றாவது தவறு. பக்கத்து வீடு என்ற இடத்தில் நம் வீடு என்று வைத்து, மாப்பிள்ளைக்குச் சத்தமாகப் படித்துக் காட்டவும்.

இப்படிக்கு,
அப்பா